எதுல போனா நான் டூரிஸ்ட்டு?

கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஏற்காடு மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால், இடது கைப்பக்கம் ஒரு தட்டுவடை செட் கடை இருக்கிறது. அதை ஒட்டியிருக்கும் ஜெராக்ஸ் கடை என்னுடையது. என் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு, அந்தக் கடைக்குக் கிடையாது. ஆனாலும் என்னைத் தேடி வருகிறவர்களுக்கு "வசந்தாமணியக்கா கடைக்குப் பக்கத்துல" என்றுதான் நான் வழி சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதையும் மீறி அந்த அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் இல்லாமல் இருக்காது.

அக்கா பிறந்தது மல்லசமுத்திரம் பக்கம், மரவள்ளிக் காட்டுக்கு நடுவில். வேலுமணி அண்ணனுக்குக் கட்டிக்கொடுத்து இங்கே வந்தார். அண்ணன் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர். கண் எரிச்சல் தாங்காமல் அவர் வேலையை விட்ட வருடம் அக்கா இந்தக் கடையைப் போட்டார். அன்றிலிருந்து அண்ணன் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறார். வாயைத் திறக்கிற வேலை முழுக்க அக்காவுடையது.

மலைக்குப் போகிற வண்டிகள் இங்கே நிறுத்தாமல் போவது அபூர்வம். தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் துருவி வைத்து, இரண்டு சட்னியும் தடவித் தருவதற்குள், "ஏற்காட்டுல என்னங்க பாக்கலாம்?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அக்கா சளைக்க மாட்டார். படகுத்துறையில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது, காலையிலேயே போய்விடுங்கள். பகோடா பாயிண்டில் குரங்குத் தொல்லை, கையில் தின்பண்டம் வேண்டாம். லேடீஸ் சீட்டுக்கு விளக்குப் போட்ட பிறகு போனால்தான் சேலம் தெரியும். கேட்கிறவர்கள் இந்தம்மா மாதம் தவறாமல் மேலே போய் வருகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அக்கா மலையேறுவது சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மட்டும்தான். அன்றைக்கும் சாமி கும்பிட்ட கையோடு கீழே இறங்கிக் கடையைத் திறந்துவிடுவார். இறங்கி வருகிறவர்கள் சொன்னதைத்தான் ஏறிப் போகிறவர்களிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன தை மாதம் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள், அக்கா வயசுக்காரர்கள், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர்கள். ஒருவர் வீட்டு ஆண்பிள்ளையும் கூட வரவில்லை. போன வருடம் இதே கூட்டமாகச் சிங்கப்பூர் போய் வந்ததாகவும், ஏற்காடு சும்மா ஒரு நாள் பொழுதுக்கு என்றும் அவர்களில் ஒருவர் சொன்னார். அக்கா தட்டை நீட்டிய கையை மடக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அங்கே யார் சோறாக்கினார்கள் என்று. "ஆரும் ஆக்கலீங். ஓட்டல்ல போட்டதத் தின்னுட்டு ஊரச் சுத்துனோம்" என்றார் அந்தம்மா. வேன் போன பிறகும் அக்கா வெகுநேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பஜ்ஜி மாவு தீர்ந்துவிட்டது என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அக்காவின் ஒரே மகள் ஜெயப்பிரியா இருப்பதே சிங்கப்பூரில்தான். மாப்பிள்ளை ஆனந்தகுமாருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, அங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கு அனுமதியும் வாங்கிவிட்டார். ஜெயப்பிரியாவும் வேலைக்குப் போகிறாள். பையன் கவின் பள்ளிக்கூடம் போகிறான். ஜூன் மாதம் பள்ளி லீவு. பையனை யார் பார்ப்பது என்ற பிரச்சினை வந்ததும், "அம்மா, இங்க வாங்க, சுத்திப் பாத்துட்டுப் போலாம்" என்று மகள் கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

அக்காவுக்கு மகள் மேல் உயிர். பேரன் மேல் அதைவிட. ஆனால் பெங்களூரை அவர் மறக்கவில்லை. கவின் கைக்குழந்தையாக இருந்தபோது மகள் குடும்பம் அங்கேதான் இருந்தது. ஜெயப்பிரியா மறுபடி வேலையில் சேர வேண்டும் என்று அக்கா அங்கே போய் மாசக்கணக்கில் இருந்தார். போகும்போது ஊர் சுற்றிப் பார்க்கலாம் என்று புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அந்தச் செருப்பின் அடிப்பாகத்தில் கம்பெனி எழுத்துகூட அழியவில்லை. அடுப்படி, பால்கனி, லிப்ட், கீழே பால் பூத். அவர் பார்த்த பெங்களூர் அவ்வளவுதான். யார் மேலும் குற்றமில்லை, வேலை அப்படி. ஆனாலும் மனசு கேட்குமா?

சித்திரையில் ஒரு மத்தியானம் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சிங்கப்பூர் விசாவுக்கு எப்படி எழுதிப்போடுவது என்று கேட்டார். ஆதார் திருத்தம், பட்டா நகல், பரீட்சைக்குப் பணம் கட்டுவது என்று எல்லாம் பார்த்திருக்கிறேனே தவிர, விசா என் கைக்கு வந்ததில்லை. அதை வெளியில் காட்டிக்கொள்ளலாமா? மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெட்டில் படித்தேன். படித்ததைப் பலகாலமாகத் தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன். நாமே நேராகப் போட முடியாது. வழி இரண்டு. ஒன்று, அங்கேயே குடியிருக்கும் ஆள் நமக்காக ஆன்லைனில் போடுவது. மாப்பிள்ளை போடலாம். மற்றது, அவர்கள் ஒப்புக்கொண்ட டிராவல்ஸ்காரர்கள் மூலமாக இங்கிருந்தே போடுவது. சேலம் ஐந்து ரோட்டுப் பக்கம் அப்படி ஒரு ஆபீஸ் இருக்கிறது, அவர்களே குரூப் டூரும் கூட்டிப் போகிறார்கள்.

"இதுல எதுல போனா நான் டூரிஸ்ட்டு?" என்று கேட்டார் அக்கா.

இரண்டுமே டூரிஸ்ட் விசாதான், பேப்பரில் இரண்டும் ஒன்றுதான் என்றேன்.

"பேப்பர்ல ஒண்ணுதான் சாமி. ஊட்டுல ஒண்ணாகுமா?"

அவர் சொல்வது அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. மாப்பிள்ளை போட்டால் தங்குமிடம் மகள் வீடு. மகள் வீட்டில் அடுப்படி இருக்கிறது. அந்த அடுப்படியைத் தாண்டி வெளியே வருகிற வித்தை அக்காவுக்கு இந்த வயது வரைக்கும் வரவில்லை. யாரும் பிடித்துத் தள்ள வேண்டாம், அவரே போய் நின்றுவிடுவார். தன்னைப் பற்றி அக்காவுக்கு அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாரம், யாருக்கும் சோறாக்காமல், வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும். அவர் கேட்டது இவ்வளவுதான்.

மறுநாள் என் வண்டியிலேயே ஐந்து ரோட்டுக்குப் போனோம். டிராவல்ஸில் பிரீத்தி என்ற பெண் இருந்தாள். சின்னப் பெண், நல்ல நிதானம். போட்டோ வெள்ளைப் பின்னணியில் வேண்டும், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் வேண்டும், அங்கே சொந்தக்காரர்கள் யாரும் இருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டாள். இருக்கிறாள், மகள், என்றார் அக்கா. பிரீத்தி பேனாவை வைத்துவிட்டாள். மகள் இருக்கும்போது எதற்கு ஹோட்டல், குரூப்பெல்லாம் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

"பொண்ணு குடுத்த ஊட்டுல நாங்க கை நனைக்க மாட்டோமுங்" என்றார் அக்கா, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வெளியே பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். அந்த வழக்கம் எங்கள் பக்கம் உண்டுதான். ஆனால் பேரன் பேத்தி பிறக்கிற வரைக்கும்தான் அந்தக் கணக்கு. கவினுக்குப் பல் விழுந்து முளைத்தாகிவிட்டது. பெங்களூரில் அக்கா எத்தனை வேளை கை நனைத்தார் என்று அந்தச் சமையல்கட்டைக் கேட்டால் சொல்லும். பிரீத்தியும் இந்தப் பக்கத்துப் பெண்தான். மறுபேச்சில்லாமல் ஹோட்டல் என்று எழுதிக்கொண்டாள். முன்பணம் கட்டிவிட்டுத் திரும்பும்போது அக்கா வண்டியின் பின்னால் உட்கார்ந்து பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அதற்கு முன் அவர் பாடி நான் கேட்டதில்லை.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை போன் செய்தார்.

அக்கா மாப்பிள்ளையுடன் பேசுவதைப் பார்க்க வேண்டும். போன் மணி அடித்ததும் பெயரைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றுவிடுவார். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொள்வார். அந்தப் பக்கம் இருக்கிறவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார், இவர் நிற்பதும் உட்காருவதும் அவருக்குத் தெரியப்போவதில்லை. சொன்னால் கேட்க மாட்டார். எங்கள் ஊரில் மாமியார்கள் மாப்பிள்ளையிடம் எதற்கும் இல்லை என்று சொல்வதில்லை. சாப்பாடு போதும் என்று மாப்பிள்ளை சொன்னால்கூடச் சரி என்பார்கள், சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி போடுவார்கள். ஆனந்தகுமார் நல்ல பிள்ளை. விசா விவரமெல்லாம் படித்துவிட்டேன், நானே இங்கிருந்து போட்டுவிடுகிறேன், பாஸ்போர்ட்டையும் போட்டோவையும் மட்டும் அனுப்பிவிடுங்கள் அத்தை என்றார்.

"செரிங் மாப்ள" என்றார் அக்கா. சொல்லிவிட்டு நேராக என் கடைக்கு வந்து, ஸ்கேன் செய்து அனுப்பச் சொன்னார். டிராவல்ஸில் போட்டிருக்கிறோமே என்றேன். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறார், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று என்னையே திருப்பிக் கேட்டார். அக்கா ஒரு கணக்கும் வைத்திருந்தார். மாப்பிள்ளை எதையும் ஆற அமரச் செய்கிறவர். கல்யாண ஆல்பத்துக்குப் போட்டோ பொறுக்கித் தரவே ஒரு வருடம் எடுத்துக்கொண்டார். அவர் போடுவதற்குள் நம்முடையது வந்துவிடும், அப்புறம் இதுவே வந்துவிட்டதுங்க என்று சொல்லிக்கொள்ளலாம். யோசனை கேட்கிறவர் மாதிரி அக்கா நிற்கவில்லை. அனுப்பினேன்.

மாமியார் விஷயத்தில் ஆனந்தகுமார் ஆற அமர இருக்கவில்லை. அன்றைக்கே போட்டுவிட்டார்.

இரண்டொரு நாளில் பிரீத்தி போன் செய்தாள். இதே பாஸ்போர்ட்டுக்கு ஏற்கெனவே இன்னொரு விண்ணப்பம் இருப்பதாகக் காட்டுகிறது, எங்களுடையது அப்படியே நிற்கிறது, ஏதாவது ஒன்றைத் திரும்ப வாங்கினால்தான் மற்றது நகரும் என்றாள். குரூப்புக்கு டிக்கெட் போட வேண்டிய நாள் நெருங்குகிறது, சீக்கிரம் சொல்லுங்கள் என்றும் சொன்னாள். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்களே, அப்படி நின்றார் அக்கா. எந்தக் காலை எடுப்பது என்று இப்போது அவரே சொல்லியாக வேண்டும். அதுவும் வாய் திறந்து, மாப்பிள்ளையிடம்.

முதலில் அண்ணனிடம் போனார். அண்ணன் விமானத்தில் ஏறுவதில்லை என்று முன்பே அறிவித்துவிட்டவர். "தாயும் புள்ளையும்னாலும் வாயும் வவுறும் வேற. நீயே பேசிக்க" என்று சொல்லிவிட்டு எண்ணெயைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அண்ணன் அதிகம் பேசாதவர், பேசினால் இப்படித்தான். அடுத்து என்னிடம் வந்தார். மாப்பிள்ளைக்கு நீ ஒரு போன் போட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்று சொல்லிவிடேன் என்றார். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன். ஜெராக்ஸ் எடுக்கலாம், லேமினேஷன் போடலாம், அடுத்தவர் வீட்டுச் சம்பந்தத்துக்குள் தலையைக் கொடுக்கிற வேலை என் கடையில் கிடையாது. அக்கா என்னை முறைத்த முறைப்பில் அன்றைக்கு எனக்குத் தட்டுவடை வரவில்லை.

மறுநாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம் பார்த்து, என் கம்ப்யூட்டரில் மகளைக் கூப்பிடச் சொன்னார். மாப்பிள்ளையை அல்ல, மகளை. நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். உட்கார் என்று கை காட்டினார். ஜெயப்பிரியா ஆபீஸில் இருந்தாள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"பிரியா, மாப்ள போட்டதத் திருப்பி வாங்கச் சொல்லு. நான் இங்க குரூப்புல போட்டுருக்கறேன். ஓட்டல்ல தங்கிக்கறேன்."

ஜெயப்பிரியாவுக்குப் புரியவே சற்று நேரம் ஆனது. நாங்கள் இருக்கும் ஊருக்கு வந்து ஹோட்டலில் தங்குவீர்களா, என் மாமியார் வீட்டில் என்ன நினைப்பார்கள், நான் என்னம்மா தப்புப் பண்ணினேன் என்று கேட்டாள். அக்கா கை நனைக்கிற கதையை எடுத்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை.

"நீ ஒண்ணும் பண்ணல சாமி. பெங்களூருக்கு வந்தேன், லால்பாக்குத் தோட்டம் எந்தத் தெசையில இருக்குதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உன்ற ஊட்டுக்குள்ள வந்துட்டா நான் அடுப்படிக்குத்தான் போவேன். நீ வேண்டாம்னாலும் போவேன். கவின டிசம்பர் லீவுக்குக் கொண்டாந்து உடு, நெஞ்சுல வெச்சுப் பாத்துக்கறேன். இந்த ஒரு வாரம் மட்டும் என்னைய உட்டுரு. நானும் ஒருக்காச் சுத்திப் பாக்கறேன்."

மீட்டிங் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி ஜெயப்பிரியா வைத்துவிட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் அக்கா அக்காவாக இல்லை. காரச் சட்னி கேட்டவருக்குப் புதினாவைத் தடவினார். ஏற்காட்டில் என்ன பார்க்கலாம் என்று கேட்ட ஒரு புதுமணத் தம்பதியிடம், மேலே போனால் தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கே பாவமாக இருந்தது. மகள் மனசு நொந்துகிடக்க, நான் மட்டும் ஊர் சுற்றி என்ன ஆகப்போகிறது, அவள் திருப்பி வாங்கவில்லை என்றால் மாப்பிள்ளை போட்டதிலேயே போய் அடுப்படியில் நின்றுகொள்கிறேன் என்று ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தார். ஆசை இருக்கிறது தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கிறது கழுதை மேய்க்க என்று தன்னையே கேலி செய்துகொண்டார். அந்தக் கேலி எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடமாக ஊரையெல்லாம் மலைக்கு வழியனுப்பிய மனுஷிக்கு ஒரு வாரம் கிடைக்காதா என்று எனக்கு யார் மேலோ கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் பிரிண்டரை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை பிரீத்தி போன் செய்தாள். அந்த இன்னொரு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டார்கள், நம்முடையது நகர்ந்துவிட்டது என்றாள். அக்காவிடம் போய்ச் சொன்னேன். சந்தோஷப்பட்டாரா, பயந்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மகள் போன் செய்தாளா என்றுதான் கேட்டார். என் போனுக்கு அவள் எதற்குச் செய்யப்போகிறாள்? ஆனாலும் எடுத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

அடுத்த வாரம் விசா வந்தது. ஒரே ஒரு தாள். கலரில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதைக் கையில் வாங்குவதற்கு முன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். எண்ணெய்க் கறை படக்கூடாது என்று லேமினேஷன் போட்டுத் தரச் சொன்னார். அதெல்லாம் கூடாது என்று மறுத்து ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கொடுத்தேன். தன் பெயரையும் அதற்குப் பக்கத்தில் இருந்த போட்டோவையும் பார்த்தார். அண்ணன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறாய் என்றார். எனக்குத் தெரிந்து அண்ணன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நாங்கள் மூவரும் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே அக்காவின் போன் அடித்தது. ஜெயப்பிரியா. நான் வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன். விசா வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றார் அக்கா. எங்கெங்கே கூட்டிப் போகிறார்கள் என்று கேட்டாள். பிரீத்தி சொன்னதை அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னார். செந்தோசாத் தீவு, பறவைப் பூங்கா, ஊரே தெரிகிற பெரிய ராட்டினம், கடலோரத்துப் பூந்தோட்டம்.

"இதுல ஒண்ணுகூட நான் பாத்ததில்லம்மா" என்றாள் ஜெயப்பிரியா. "வந்து இத்தன வருசமாச்சு. ஆபீசு, ஸ்கூலு, ஊடு. அந்த ராட்டினம் ரயில்ல போறப்ப தெரியும், அவ்வளவுதான். நீங்க அன்னைக்கு லால்பாக்கச் சொன்னீங்கல்ல, அப்ப எனக்குக் கோவந்தான் வந்துச்சு. அப்பறம் நெனச்சுப் பாத்தேன், எனக்குந்தான் எது எங்க இருக்குதுன்னு தெரியல. உங்க குரூப்புல நானும் வரட்டா? உங்க ரூம்லயே தங்கிக்கறேன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது, முந்தானையால் துடைத்துக்கொண்டார். அண்ணன் கடைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கவின ஆரு பாக்கறது?"

"அவங்கப்பா லீவு போட்டுப் பாத்துக்குவாரு."

"மாப்ளகிட்டக் கேட்டியா?"

"கேக்கலம்மா. சொல்லிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, ஹோட்டலில் இன்னொரு கட்டில் போட்டுத் தருவார்களா என்று பிரீத்தியிடம் உடனே கேட்கச் சொன்னார்.